டாக்டர் பி. ராமமூர்த்தி

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. அச்சிரசினுள் அமைந்த மூளையின் நோய்களையும் காயங்களையும் தீர்ப்பதே தம் வாழ்நாட்பணியெனக் கொண்டு, சென்னை மாநகருக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. அன்னாரது சரிதத்தை நம் கலாசாலை மாணவர்கள் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1922ஆம் வருஷம் ஜனவரி 30ஆம் தேதி சீகாழியில் பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே. சென்னை வைத்தியக் கலாசாலையில் தேறி, 1947இல் எடின்பரோவில் எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில், தலைக்காயங்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய ரௌபாதம் என்பாரிடம் மூளைச் சஸ்திர சிகிச்சை பயின்றார். 1950 அக்டோபரில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அத்துறையைத் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதற்கு முந்திய ஆண்டே அதனைத் தொடங்கியிருந்தார். இவ்விருவரும் வேறிருவருடன் கூடி 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர்.

அக்காலத்தில் மூளையைப் படம்பிடித்துக் காட்டும் சி.டி. ஸ்கேன் இல்லை. தலையில் அடிபட்டவர் எழுந்து நடமாடிப் பேசிக்கொண்டிருப்பர். சில மணி நேரத்தில் மண்டையோட்டினுள் உதிரம் தேங்கி மூளையை அழுத்த, உணர்விழந்து வீழ்வர். குறிகளைக் கொண்டே நிலையைத் துணிந்து, காலந்தாழ்த்தாது கபாலத்தைத் துளைத்தல் வைத்தியர் கடமையாயிற்று. அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற பின்னரும் இவர் வாளாவிருந்திலர். அடையாறு வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் வைத்தியசாலையில் மூளைச் சிகிச்சை நிலையத்தை வளர்த்தார். 1973இல் பத்மபூஷண் விருது பெற்றார். உலக மூளைச் சஸ்திர வைத்தியர் சம்மேளனத்திற்கும் தலைமை தாங்கினார். 2003 டிசம்பர் 13ஆம் தேதி இறைவனடி எய்தினார்.

இத்துணைத் திறமை வாய்ந்தாரிருந்தும், நசிந்துபோன மூளையை மீட்கும் வித்தை இன்றளவும் எவர்க்கும் கைவந்திலது. ஆகவே காயத்தின் காரணத்தை ஆராய்ந்து தடுத்தலே தலையாய சிகிச்சையாம். செல்வம் மிக்க தேசங்களில் முதியோர் வழுக்கி வீழ்தலே இக்காயத்திற்குப் பெருங்காரணம். நம் நாட்டிலோ, ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு சாலை விபத்தால் நேர்வது. 20 முதல் 25 பங்கு வீழ்ச்சியாலும், 10 பங்கு அடிதடியாலும் நேர்வன. இவற்றுள் பெரும்பாலும் சிக்குண்போர் குடும்பத்தைத் தாங்கவேண்டிய வாலிபரே.

1935இல் அரேபிய லாரன்ஸ் மோட்டார் சைக்கிளினின்று வீழ்ந்து மாண்டபோது, அவருக்குச் சிகிச்சை செய்த ஹியூ கெய்ர்ன்ஸ் என்பார் இத்தகைய மரணங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் உலகுக்குக் காட்டினார். தமிழ்நாட்டில் ஓட்டுபவரோடு பின்னமர்பவரும் அதனை அணிதல் வேண்டுமென 2015இல் ஐகோர்ட்டு ஆணையிட்டது. எனினும் மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராயநகர்ச் சாலைகளிலும் கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்வோரை நாம் காண்கின்றோம். வீடு பக்கந்தானே என்பது அவர்தம் சமாதானம்.

மாணவ நண்பர்களே! நாம் கற்கும் கல்வியனைத்தும் தங்குவது அம்மூளையிலன்றோ? அதனைக் காத்துக்கொள்வதே டாக்டர் ராமமூர்த்தியின் நினைவுக்கு நாம் செய்யத்தக்க மரியாதையாகும்.