வாய்க்காலில் வெற்றியாளர்களை உருவாக்கிய ஆசிரியர்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில், கரும்புத் தோட்டப் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் சோய்ச்சி சகாமோட்டோ. ஜப்பானியக் குடியேறிகளின் மகனாக 1906இல் பிறந்த அவர் பெரிய நீச்சல்காரர் அல்லர். ஆயினும், பாசன வாய்க்காலில் விளையாடிய பிள்ளைகளுக்கு அங்கேயே பயிற்சியளிக்கத் தொடங்கினார். ஓடும் நீரை எதிர்த்து நீந்தியே அவர்களின் கைகால்கள் உரமேறின.

1940 ஒலிம்பிக்கை இலக்காகக் கொண்டு, 1937இல் ‘மூன்றாண்டு நீச்சல் மன்றம்’ அமைத்தார். 1939, 1940, 1941 என மூன்று ஆண்டுகளும் அமெரிக்க தேசியக் குழுப் பட்டம் அம்மன்றத்துக்கே கிடைத்தது. ஆனால், போரினால் ஒலிம்பிக் நடைபெறவில்லை. ஹேலோ ஹிரோசே போன்ற தோட்டத்து வீரர்கள் இராணுவச் சீருடை அணிந்து ஐரோப்பியப் போர்முனைக்குச் சென்றனர். அவர்களின் ஒலிம்பிக் கனவு கைகூடவே இல்லை.

சகாமோட்டோ பயிற்சியை விடவில்லை. போருக்குப் பின் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் பயிற்றுநரானார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், அவரிடம் பயின்ற பில் ஸ்மித் 400 மீட்டர் பிரீஸ்டைல், தொடர் நீச்சல் இரண்டிலும் தங்கம் வென்றார். மூன்றாண்டுத் திட்டம் பலனளிக்கப் பதினோர் ஆண்டுகள் ஆயின.

1997இல் காலமான சகாமோட்டோ, நல்ல குளம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல், கையருகே இருந்த வாய்க்காலில் தொடங்கியவர்.