அந்திரே ஜாக் கார்னெரின் (1769 – 1823)

உயரத்திலிருந்து ஒரு பொருளை மெதுவாக இறக்குவது ஒரு பிரச்சினை. அதனை விரும்பிய இடத்தில் இறக்குவது மற்றொரு பிரச்சினை. முதலாவது பிரச்சினைக்குத் தமது உயிரையே பணயம் வைத்து விடை கண்டவர் கார்னெரின் ஆவார்.

இவர் 1769 ஜனவரி 31ஆம் திகதி பாரிஸ் நகரிற் பிறந்தார். ஐதரசன் பலூனை அமைத்த பௌதிகவியலாளர் ஜாக் சார்ள்சிடம் கல்வி கற்றார். பிரெஞ்சுப் புரட்சிக்காலப் போரிற் கைதியாகி, ஹங்கேரியின் பூடா நகரிலே சிறைவைக்கப்பட்டார். உயர்ந்த மதில்களிலிருந்து தப்புவதற்கு வழி தேடியபோதே பரசூட் பற்றிய எண்ணம் இவருக்குத் தோன்றியதாகக் கூறப்படுவதுண்டு.

அக்காலப் பரசூட்கள் மரச்சட்டம் பொருத்தப்பட்டவை. கார்னெரினோ சட்டமின்றிப் பட்டுத் துணியால், ஏறத்தாழ 7 மீற்றர் விட்டமுடைய பரசூட்டைச் செய்தார். 1797 ஒக்டோபர் 22ஆம் திகதி பாரிஸ் மொன்சோ பூங்காவிலிருந்து பலூனில் மேலெழுந்து, உயரத்திற் கயிற்றை அறுத்துவிட்டார். பலூன் பிரிந்து செல்ல, பட்டுத்துணி விரிந்தது. வளித்தடை அதிகரித்து நிறையைச் சமப்படுத்தியதால் வேகம் மேலும் கூடவில்லை. எனினும் கூடை ஊசல் போன்று கடுமையாக ஆடியது. துணியின் கீழ் அகப்பட்ட வளி, விளிம்பின் இரு பக்கங்களாலும் மாறிமாறி வெளியேறியமையே இதற்குக் காரணமாகும். பின்னர் பரசூட்டின் உச்சியில் துவாரம் இடப்பட்டு இவ்வாட்டம் குறைக்கப்பட்டது.

1799இல் இவரது மாணவியும் பின்னர் மனைவியுமான ஜீன் லப்ரோஸ், பரசூட்டில் இறங்கிய முதற் பெண்மணியானார். 1802இல் கார்னெரின் இலண்டனில் ஏறத்தாழ 2400 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினார். அப்போதும் பரசூட் பெரிதும் ஆடியது. அதனைக் கண்ட றொபேட் கொக்கிங், ஆடாத பரசூட்டை அமைக்க முனைந்தார். தலைகீழ்க் கூம்பு வடிவில் அவர் அமைத்த பாரமான பரசூட் 1837இல் உடைந்தமையால் உயிரிழந்தார். கார்னெரினின் முடிவோ வானில் நிகழவில்லை. 1823 ஆகஸ்ட் 18ஆம் திகதி, பலூன் ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தபோது மரவளை தாக்கி இறந்தார்.

கார்னெரின் காற்று கொண்டு சென்ற இடத்திலேயே இறங்கினார். இரண்டாவது பிரச்சினைக்கான விடைக்கு நெடுங்காலம் சென்றது. 1964இல் டொமினா ஜல்பேட் வளி புகுந்து உப்பும் அறைகளைக் கொண்ட, சிறகு வடிவப் பரசூட்டை அமைத்தார். இதன் இடப்பக்கப் பின்விளிம்பைக் கயிற்றால் இழுத்தால் அப்பக்கத்தில் வளித்தடை கூடி, பரசூட் இடப்புறம் திரும்பும். வழிகாட்டப்படும் பரசூட்களில் செய்மதிச் சமிக்ஞை மூலம் இடத்தை அறியும் கணினி, சிறு மோட்டர்களைக் கொண்டு இக்கயிறுகளை இழுக்கின்றது. 2006இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் இத்தகைய பரசூட்களாற் பொருள்களை இறக்கினர். மருந்துப் பொதி போன்ற சிறு சுமைகளைப் பாதை துண்டிக்கப்பட்ட இடங்களில் இறக்கவும் இம்முறை ஏற்றதாகும்.

பயிற்சி வினாக்கள்
1. கார்னெரினின் பரசூட் முன்னையவற்றிலிருந்து வேறுபட்டது எவ்வாறு?
2. பரசூட் சீரான வேகத்தில் இறங்கும்போது அதன்மீது தாக்கும் விசைகள் யாவை?
3. உச்சித் துவாரம் ஆட்டத்தைக் குறைப்பது ஏன்?
4. சிறகு வடிவப் பரசூட்டை வலப்புறம் திருப்புவதற்கு எக்கயிற்றை இழுத்தல் வேண்டும்? காரணம் தருக.