கைநழுவிய புல்வெளியும் ஒக்டேவியா ஹில் அம்மையாரும்

லண்டன் மாநகரின் வடமேற்கே பிட்ஸ்ஜோன்ஸ் அவெனியூ என்றொரு அகன்ற வீதி உண்டு. இருமருங்கிலும் செங்கல் மாளிகைகள் எழுந்து நிற்கும் இவ்விடம் 1870களின் நடுப்பகுதி வரை சுவிஸ் கொட்டேஜ் புல்வெளி என அழைக்கப்பட்ட திறந்த வெளியாகும். மேரிலபோன் சேரிகளில் வாழ்ந்த ஏழைகள் கால்நடையாகச் சென்று காற்று வாங்கக்கூடியதாக எஞ்சியிருந்த பசும்புல் நிலம் அது. அதனை மீட்பதற்கு 1875 ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி முயன்றார், தோல்வியுற்றார். அத்தோல்வியை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

ஒக்டேவியா ஹில் 1838 டிசெம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தின் விஸ்பீச் நகரில் பிறந்தார். தானிய வணிகரான தந்தையார் வங்குரோத்து நிலையை அடைந்தமையால் குடும்பம் நொடித்தது. பொதுச் சுகாதாரத்துக்காக உழைத்த மருத்துவரான தாய்வழிப் பாட்டனார் தோமஸ் சவுத்வூட் ஸ்மித்தே குடும்பத்துக்கு ஆதரவானார். சிறுமியாக இருக்கும்போதே, ஏழைப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருட்கள் செய்யும் வேலைத்தலமொன்றை மேற்பார்வை செய்யும் பொறுப்பு ஒக்டேவியாவிடம் வந்து சேர்ந்தது.

1865 இல் கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின் மேரிலபோனில் மூன்று வீடுகளை வாங்கி இவரிடம் ஒப்படைத்தார். அவ்விடத்தின் பெயர் பரடைஸ் பிளேஸ். பெயரில் மட்டுமே சுவர்க்கம் இருந்தது. போட்ட முதலுக்கு ஐந்து வீத வருவாய் கிடைக்க வேண்டும், வீடுகளும் திருத்தப்பட வேண்டும் என்பதே ஏற்பாடு. வாரந்தோறும் வாடகை அறவிடச் சென்ற ஒக்டேவியா, ஒரே அறைக்குள் ஒரு குடும்பமே முடங்கிக் கிடப்பதை நேரிற் கண்டார். வீட்டைத் திருத்தலாம், அதற்கு ஒரு முற்றத்தை உண்டாக்க முடியாது. எனவேதான் திறந்த வெளிகளின் பக்கம் அவரது கவனம் திரும்பியது.

சுவிஸ் கொட்டேஜ் புல்வெளியை வாங்குவதற்குத் தேவையான நிதியின் பெரும்பகுதி குறுகிய காலத்திலேயே திரண்டது. ஆயினும் உரிமையாளர்கள் பின்வாங்கினர். நிலம் கட்டிடக்காரர்களின் கைக்குப் போயிற்று.

1884 இல் இதற்கு நேர்மாறானதொரு சிக்கல் எழுந்தது. டெப்ட்போர்ட் பகுதியிலுள்ள சேயஸ் கோர்ட் தோட்டத்தை, நாட்குறிப்பாளர் ஜோன் ஈவ்லினின் வழித்தோன்றல் ஒருவர் மக்களுக்கு வழங்க முன்வந்தார். கொடுக்க ஆள் இருந்தும், பெற்றுக்கொண்டு நிரந்தரமாக வைத்திருக்கச் சட்டத் தகுதியுள்ள அமைப்பு எதுவும் இருக்கவில்லை. பொது நிலங்களுக்காக வாதாடிவந்த சட்டத்தரணி ரொபர்ட் ஹன்டரும் ஒக்டேவியாவும் அத்தகையதோர் அமைப்பின் தேவையைத் தெளிவாக உணர்ந்தனர். ஏரி மாவட்டத்து மதகுரு ஹாட்விக் ரோன்ஸ்லியும் இணைய, 1895 ஜனவரி 12 ஆம் திகதி தேசிய நம்பிக்கை நிதியம் பதிவு செய்யப்பட்டது. 1907 ஆம் ஆண்டின் சட்டமோ, கைமாற்ற முடியாதவையெனப் பிரகடனஞ் செய்யப்படும் அதன் ஆதனங்களை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாதவாறு செய்தது. வக்பு சொத்தையும், கோயிலுக்குத் தர்மசாதனம் செய்யப்பட்ட காணியையும் அறிந்த நம்மவர்க்கு இக்கருத்து புதிதன்று. கோயிலோ பள்ளிவாசலோ அன்றி, ஒரு குன்றையும் சதுப்பு நிலத்தையும் அவ்வாறு காத்ததே அதன் புதுமை.

நிதியத்துக்கு முதன்முதலில் கிடைத்த நிலம் வேல்ஸ் கரையோரத்திலுள்ள டினாஸ் ஒலே. பனி டோல்பட் என்ற சீமாட்டி நன்கொடையாக அளித்த அது ஏறத்தாழ 5 ஏக்கர். மறு ஆண்டு, இடிந்துவிழும் நிலையிலிருந்த அல்பிரிஸ்டன் குருமனை 10 பவுணுக்கு வாங்கப்பட்டது. அது 14 ஆம் நூற்றாண்டுக்குரிய கூரைவேய்ந்த வீடு. 1899 இல் விக்கன் பென் சதுப்பு நிலத்தின் 2 ஏக்கர் வந்து சேர்ந்தது. பழைய வீட்டையும் பூச்சி புழுக்கள் வாழும் சேற்று நிலத்தையும் ஒரே நிறுவனம் காப்பது அக்காலத்தில் பலருக்கு விசித்திரமாகவே தோன்றியிருக்கும்.

அம்மையாரின் எல்லாக் கருத்துகளையும் ஏற்பதற்கில்லை. வாடகை செலுத்தாதோரை ஈவிரக்கமின்றி வெளியேற்றினார். நகரசபைகள் வீடு கட்டிக் கொடுப்பதை எதிர்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை தேவையில்லை என்றும் வாதிட்டார். பொதுவாழ்வில் அத்தனை தூரம் நடந்த ஒரு பெண் இவ்வாறு கூறியது வியப்புக்குரியதே. 1877 இல் ரஸ்கினுடன் ஏற்பட்ட பிணக்கு அவரை நோயில் வீழ்த்தியது; அதன் பின்னரே அவரது பெரும்பணி நிகழ்ந்தது. பார்லிமெண்ட் குன்றுப் புல்வெளியை 1889 இல் பொதுமக்களுக்குப் பெற்றுக்கொடுத்த இயக்கத்திலும் அவர் முன்னின்றார்.

1912 ஓகஸ்ட் 13 ஆம் திகதி ஒக்டேவியா ஹில் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய இடமளிக்கப்பட்டபோதிலும், அவரது விருப்பப்படி கென்ட் பிரதேசத்தின் குரொக்கம் ஹில் கிராமத்தில், தமக்கை மிராண்டாவின் அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் முயன்று மக்களுக்காகப் பெற்ற குன்றுகளில் சில அக்கிராமத்தை அண்டியே இருக்கின்றன.