மகப்பேறு உதவித் திட்டத்தின் பெயருக்குரியவர்

ஓசூர், கிருஷ்ணகிரியில் நம் சகோதரிகள் பதிவு செய்யும் அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் உள்ளது. யார் இவர்?

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண் என்றும், தாய் தேவதாசி மரபினர் என்றும் கல்லூரியில் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது, மன்னர் அனுமதித்தார். 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார். முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி அமையவும் பாடுபட்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1968இல் மறைந்தார்.

பிறப்பைக் காட்டி அடைத்த கதவைக் கல்வி திறந்தது. அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். கல்வி தேடுவதை நம் மார்க்கம் கடமையாக்கியிருக்கிறது. பள்ளிப் படிப்போடு மகளை நிறுத்தி ஆலைக்கு அனுப்பும்முன், ஒரு மருத்துவரை இழக்கிறோமா என்று நாம் யோசிப்போம்.