வைக்கோல் குடிசையில் பிடிபட்ட கிருமி

நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு முறையாவது எலிப் புகார் வந்துவிடுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும் பெயர் அலெக்சாண்டர் யெர்சின். பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவர்.

1863-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தார். இவர் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தந்தை இறந்துவிட்டார். பாரிஸில் எமில் ரூவுடன் சேர்ந்து, டிப்தீரியா கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று 1888-ல் காட்டினார். அங்கேயே இருந்திருந்தால் பதவிகள் தேடி வந்திருக்கும். ஆனால் 1890-ல் கப்பல் மருத்துவராக இந்தோசீனாவுக்குக் கிளம்பிவிட்டார்.

1894-ல் ஹாங்காங்கில் பிளேக் பரவியது. ஜப்பானிலிருந்து வந்த கிடசாட்டோவின் குழுவுக்கு மருத்துவமனையில் எல்லா வசதியும் கிடைத்தது. யெர்சினுக்குப் பிணவறைக் கதவுகூடத் திறக்கவில்லை. அவர் ஒரு வைக்கோல் குடிசை போட்டுக்கொண்டார். பிணங்களைப் புதைக்கும் வேலையில் இருந்த மாலுமிகளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, நெறி கட்டிய இடத்திலிருந்து மாதிரி எடுத்துவந்தார். லஞ்சம்தான், மறுப்பதற்கில்லை. நுண்ணோக்கியில் கிருமிகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. செத்துக் கிடந்த எலிகளிலும் அவையே இருந்தன.

அவரிடம் கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டி இல்லை. அதுவே நல்லதாகப் போயிற்று என்பார்கள். ஏனென்றால் இந்தக் கிருமி நன்றாக வளர்வது 28 டிகிரி அளவில். நம் உடல் சூடான 37 டிகிரியில் அல்ல. இதன் காரணம் பிற்காலத்தில் மரபணு ஆய்வில்தான் விளங்கியது. தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலில் இருக்கும்போது ஒரு தொகுதி மரபணுக்கள் வேலை செய்கின்றன. மனித உடலின் சூடு பட்டதும் வேறொரு தொகுதி விழித்துக்கொள்கிறது. நம் வெள்ளணுக்களைச் செயலிழக்கச் செய்யும் புரதங்கள் அப்போதுதான் உருவாகின்றன.

1897-ல் யெர்சின் தன் சீரத்துடன் பம்பாய்க்கும் வந்தார். பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவருக்குப் பின் வந்த சிமோன், 1898-ல் கராச்சியில், எலியிடமிருந்து நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார்.

யெர்சின் வியட்நாமின் நா ட்ராங் கடற்கரையில் மீனவர்கள் நடுவே குடியேறினார். ரப்பர் மரமும் சின்கோனாவும் பயிரிட்டார். புயல் வரும் அறிகுறி தெரிந்தால் மீனவர்களை எச்சரித்தார். 1943-ல் அங்கேயே இறந்தார். வியட்நாம் விடுதலை பெற்று எத்தனையோ பிரெஞ்சுத் தெருப்பெயர்களை மாற்றிய பிறகும், யெர்சின் பெயர் அங்கே நிலைத்திருக்கிறது.

கிருமிக்கும் பின்னாளில் யெர்சினியா பெஸ்டிஸ் என்று அவர் பெயரே அமைந்தது. 2001-ல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. அது வெறும் வயிற்றுக்கோளாறு தரும் ஒரு கிருமியிலிருந்து, பரிணாமக் கணக்கில் சமீபத்தில்தான் பிரிந்து வந்தது என்று தெரிந்தது. புதிதாக இரண்டு சிறு டிஎன்ஏ வளையங்களைப் பெற்றிருந்தது. குடலில் வாழத் தேவைப்பட்ட பழைய மரபணுக்கள் பல கெட்டுப்போயிருந்தன. புதிதாக வந்தவற்றில் ஒன்று, தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் சாகாமல் இருக்க உதவுவது. சுமார் 5,000 ஆண்டுக்கு முந்தைய மனிதப் பற்களில் கிடைத்த பிளேக் கிருமியில் அந்த மரபணு இல்லை. ஆக, அன்றைய பிளேக் இன்றுபோல் தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவியிருக்க வாய்ப்பு குறைவு.

ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரைக் கொன்ற கருப்புச் சாவு நோயின் கிருமியும் படிக்கப்பட்டுவிட்டது. 1348-50-ல் இறந்தவர்களைப் புதைத்த லண்டன் இடுகாட்டு எலும்புகளிலிருந்து 2011-ல் அதன் மரபணுவை எடுத்தார்கள். இன்றைய கிருமிக்கும் அதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. கிருமி சாதுவாகிவிடவில்லை என்பதுதான் இதன் பொருள். 1994-ல் சூரத்தில் பிளேக் வந்தபோது மக்கள் கடை கடையாக டெட்ராசைக்ளின் வாங்கினார்கள். யெர்சின் ஹாங்காங்கில் பார்த்த நோயாளிகளுக்கு அப்படி ஒரு மாத்திரை இருக்கவில்லை.