நைடதம் தந்த தென்காசி மன்னர்

தமிழில் பாடிய அரசர்கள் பலர். ஆனால், அரச வாழ்வின் நிலையாமையைத் தம் கண்முன் கண்டுகொண்டே பாடியவர் மிகச் சிலர். அச்சிலருள் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியரை முதல்வராகக் கருதுகிறேன். சூதில் நாட்டைத் தோற்று, எண்ணிக்கைக் கலையைக் கற்று, இழந்ததை மீட்ட நளனின் கதையைத் தமிழில் நைடதமாகத் தந்தவர் அவர். பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம் கைப்பேசி வரை வந்துவிட்ட இந்நாளில் அவரை நினைவுகூர்வது பொருத்தமானது.

மதுரையை இழந்த பாண்டியர் தெற்கே ஒதுங்கி, பொதிகைச் சாரல் வீசும் தென்காசியைத் தலைநகராக்கிக் கொண்டனர். 1446-இல் பராக்கிரம பாண்டியர் அங்கே காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினார். குற்றாலத்து அருவிநீரை ஏந்திவரும் சிற்றாற்றின் கரையில் எழுந்த அக்கோயிலே பிற்காலப் பாண்டியரின் அடையாளமாயிற்று. அம்மரபில் 1564 அளவில் முடிசூடியவர் அதிவீரராமர். மறு ஆண்டே தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. மதுரையிலோ நாயக்கர் ஆட்சி வேரூன்றியிருந்தது. பழம்பெருமை மிக்க குலத்தின் முடி அவர் தலையில் இருந்தது; ஆயினும், மதுரை நாயக்கருக்குத் திறை செலுத்தும் நிலையில்தான் அவர் ஆண்டார்.

அந்த நிலையிலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் அரசராக இருந்தார். கூர்ம புராணம், இலிங்க புராணம், காசி காண்டம் ஆகியவற்றைத் தமிழாக்கினார். கரிவலம்வந்தநல்லூர் இறைவன்மீது பாடப்பட்ட திருக்கருவை அந்தாதிகளும் அவர் பெயரால் வழங்குகின்றன. அவை அவருடைய உறவினரான வரதுங்கராம பாண்டியர் பாடியவை என்பாரும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வெற்றி வேற்கையும் அவருடையதே. பிச்சை எடுத்தேனும் கற்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்தியவர், யானைமீது குடைநிழலில் சென்றவர்கள் கால்நடையாக வேற்றூர் போய்ச் சேர நேரலாம் என்றும் எச்சரித்தார். இது நளனுக்கும் பொருந்தும். பாண்டியர் குலத்துக்கும் பொருந்தும்.

நைடதத்துக்கு முன்னோடி, 12-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் வடமொழியில் இயற்றிய காவியம். அது நளன், தமயந்தி திருமணத்தோடும் இல்லற இன்பத்தோடும் நின்றுவிடுகிறது. அதிவீரராமரோ அங்கே நிற்கவில்லை. சூது, நாடிழப்பு, கானகம், பிரிவு, மீட்சி என முழுக்கதையையும் பாடினார். நாட்டின் பெரும்பகுதியைக் காலத்திடம் இழந்த ஒரு குலத்தின் அரசர், நாடிழந்த மன்னனின் கதையை இறுதிவரை சொல்லத் துணிந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நளன் கதையின் திருப்புமுனை ஒரு தான்றி மரத்தடியில் நிகழ்கிறது. தேரோட்டியாக மறைந்து வாழும் நளனிடம், மரத்தின் இரு கிளைகளில் 2,095 கனிகள் உள்ளன என்று எண்ணாமலே கூறுகிறான் இருதுபன்னன் என்பது வியாச பாரதக் கணக்கு. நளன் அதை நம்பவில்லை. எண்ணிப் பார்த்த பிறகே வியக்கிறான். தனது குதிரைக் கலையைக் கொடுத்துச் சூதின் நுட்பத்தைப் பெறுகிறான். அப்போதே கலி அவனைவிட்டு நீங்குகிறது. தான்றிக்காயே பண்டைய சூதாடு காய் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். எண்ணிக்கைக்கும் சூதுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பழஞ்சான்றாக, நிகழ்தகவின் தோற்றம் பற்றி 1975-இல் எழுதிய அறிஞர் இயன் ஹேக்கிங் இக்கதையைச் சுட்டினார்.

அதிவீரராமர் வாழ்ந்த அதே நூற்றாண்டில் இத்தாலியில் கார்டானோ என்ற மருத்துவர் இருந்தார். அவர் தீராத சூதாடி. இரு பகடைகள் 36 விதமாக விழும். அவற்றுள் நமக்குச் சாதகமானவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என எழுதிவைத்தார். அவர் 1576-இல் மறைந்தார். அந்நூல் 1663-இல்தான் அச்சேறியது.

அந்த எண்ணிக்கையை இன்றைய காசினோ மேசையில் வைத்துப் பார்ப்போம். மூன்று சீட்டு போக்கரில் 52 சீட்டுகளிலிருந்து 22,100 விதமான கைகள் அமையலாம். அவற்றுள் 16,440 கைகளில் ஒரு ஜோடிகூட இராது. ஒரே இனத்தில் தொடர்ச்சியாக அமைபவை 48. மூன்றும் ஒரே எண்ணாக அமைபவை 52. ஆட்டக்காரர் முதலில் ஒரு தொகையைப் பந்தயமாக வைக்கிறார். சீட்டைப் பார்த்தபின், அதை விட்டுக்கொடுத்து விலகலாம். அல்லது அதே அளவு தொகையை மீண்டும் வைத்துத் தொடரலாம். ராணி, ஆறு, நான்கு என்ற கைக்குக் குறையாதபோது மட்டும் தொடர்வதே சிறந்த உத்தி. அதைப் பிசகாமல் பின்பற்றினாலும், முதலில் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக ரூ.3.37 காசினோவுக்கே போகும்.

நளன் கதைக்கும் காசினோவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நளன் மீண்டும் ஆடியபோது எதிரே இருந்தவன் அவனைப் போன்ற ஒரு மனிதன். கலையில் மிஞ்சியவன் வெல்ல அங்கே வழி இருந்தது. காசினோ மேசையிலோ விதிகளை எழுதியதே எதிர்த்தரப்பு. கணக்கைக் கற்றவர் மெதுவாகத் தோற்பார். கல்லாதவர் விரைவாகத் தோற்பார். இருதுபன்னனிடம் பயின்ற நளனே வந்தாலும், அங்கே நெடுநேரம் ஆடி நிடத நாட்டை மீட்க முடியாது.

தமிழக அரசு 2022-இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகளே என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க நாடாளுமன்றமே சட்டம் செய்தது. சட்டம் வேண்டியதே. ஆயினும், அது வாயிலை அடைக்குமேயன்றி ஆசையை அடைக்காது. பள்ளிகளில் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியர்கள், பகடையோடு நிறுத்தாமல் இந்த 3.37 ரூபாயையும் மாணவர்களைக் கொண்டே கணக்கிடச் செய்தால் சட்டத்துக்குத் துணையாக அமையும் என்பது என் கருத்து.

அதிவீரராமருக்குப் பின் தென்காசிப் பாண்டியர் மெல்ல மெல்ல வரலாற்றிலிருந்து மறைந்தனர். அவர் காத்த அரசு இன்றில்லை. அவர் தந்த நைடதம் இருக்கிறது. புலவர்க்கு மருந்து என்று முன்னோர் போற்றிய அந்நூல், சூதின் பிடியில் சிக்கியோருக்கும் மருந்தாகட்டும். வென்ற நளன் புட்கரனை மன்னித்துவிட்டு நாடாளச் சென்றான். மறுபடியும் காயை உருட்ட அமரவில்லை.