கடவுளை அறிய இடையில் ஆள் வேண்டுமா? சங்கிலியில் இறந்த மானியின் கதை

'நாஸ்டிசிசம்' என்று கேட்டதும் பலருக்கு நாத்திகம்தான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நாஸ்டிசிசத்தின் வேர் 'க்னோசிஸ்' என்ற கிரேக்கச் சொல். அதற்கு அறிவு என்று பொருள். நாம் சொல்கிற 'ஞானம்' இருக்கிறதே, அதன் மூலமான சமஸ்கிருதச் சொல்லும் க்னோசிஸும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

ஆனால் இது படித்துத் தெரிந்துகொள்ளும் அறிவு இல்லை. ஒரு ஊரை மேப்பில் பார்ப்பதற்கும் அங்கேயே குடியிருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அதேபோலத்தான், கடவுளைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு, கடவுளை நேரடியாக அறிவது வேறு என்றார்கள் இவர்கள். இந்த நேரடி அறிவுதான் விடுதலை தரும் என்று பேசிய பல குழுக்கள் கி.பி. 2-ம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் இருந்தன. அந்தச் சிந்தனையை எடுத்து, உலகம் முழுக்கப் பரவும் மதமாகவே ஆக்கிக் காட்டியவர் மானி.

காய்கறியைக் கழுவினால் தூய்மை வருமா?

கி.பி. 216-ல், இன்றைய இராக்கில் இருக்கும் பாபிலோனியப் பகுதியில் மானி பிறந்தார். அவருடைய அப்பா, நீராட்டுச் சடங்குகளை உயிராக மதித்த ஒரு யூத-கிறிஸ்தவக் குழுவில் சேர்ந்தவர். மானியும் சின்ன வயதிலிருந்தே அங்கேதான் வளர்ந்தார். அந்தக் குழுவில் மதுவும் இறைச்சியும் கிடையாது. தங்கள் உடலை மட்டுமல்ல, சாப்பிடும் காய்கறிகளைக்கூட சடங்காக நீரில் நனைத்துத் தூய்மைப்படுத்துவார்கள்.

12 வயதில் தெய்விகமான ஒரு 'இரட்டை' தன்னிடம் வந்ததாக மானி நம்பினார். மேலுலகில் இருக்கும் தன்னுடைய இன்னொரு பாதிதான் அது என்பது அவர் புரிதல். 24 வயதில் அது மறுபடியும் வந்து, வெளியே போய்ப் பேசச் சொன்னதாம்.

அவர் முதலில் கை வைத்ததே அந்தக் காய்கறிச் சடங்கில்தான். கழுவிச் சாப்பிட்டாலும் கழுவாமல் சாப்பிட்டாலும் உடம்பு அதே கழிவைத்தானே வெளியே தள்ளுகிறது, அப்புறம் எதற்கு இந்தச் சடங்கு என்று கேட்டார். ஒளியையும் இருளையும் பிரித்து அறிவதுதான் உண்மையான தூய்மை என்றார். குழு அவரை நிற்கவைத்து விசாரித்தது. சிலர் தீர்க்கதரிசி என்றார்கள், மற்றவர்கள் கொதித்துப் போனார்கள். மானி வெளியேறினார்.

இந்தியா வந்த பயணம்

240-களின் தொடக்கத்தில் கப்பல் ஏறி இந்தியா வந்தார். சிந்து நதிப் பகுதிக்குத்தான் அவர் வந்திருப்பார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புத்தர், ஜரதுஷ்டிரர், இயேசு மூவரையும் தன் முன்னோடிகளாக ஏற்றுக்கொண்டார். அவர்கள் தங்கள் போதனைகளைத் தாங்களே எழுதி வைக்காததால்தான் பின்னால் வந்தவர்கள் குழப்பிவிட்டார்கள் என்பது அவருடைய குறை. அதனால் தன் நூல்களைத் தானே எழுதினார். கொள்கையை விளக்க ஓவியப் புத்தகமும் உருவாக்கினார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒளியும் இருளும் ஆதியிலிருந்தே தனித்தனி. இருள் தாக்கியதில் இரண்டும் கலந்துவிட்டன. அந்தக் கலவைதான் இந்த உலகம். நமக்குள் சிக்கியிருக்கும் ஒளியை அறிவதிலிருந்து மீட்பு தொடங்குகிறது.

ஆதரவும் சிறையும்

பாரசீகப் பேரரசர் முதலாம் ஷாபூர், தன் நாட்டில் போதிக்க மானிக்கு அனுமதி கொடுத்தார். ஷாபூருக்குப் பின் நிலைமை மாறியது. ஜொராஸ்திரிய மதகுரு கர்தீரின் செல்வாக்கு வளர்ந்தது. முதலாம் பஹ்ராம் ஆட்சியில், குந்தேஷாபூர் நகரில் மானி சங்கிலியால் பிணைக்கப்பட்டுச் சிறையில் போடப்பட்டார். 26 நாட்களில் உயிர் பிரிந்தது. ஆண்டு 274 அல்லது 277.

சடங்கு திரும்பி வந்த கதை

சரி, அவர் விட்டுப்போன மதம் எப்படி இருந்தது? 12 போதகர்கள், 72 ஆயர்கள், 360 மூத்தோர் என்று கறாரான அடுக்கு. உறுப்பினர்களும் இரண்டு வகை: 'தேர்ந்தெடுக்கப்பட்டோர்', 'கேட்போர்'. செடியிலும் ஒளி இருப்பதால், காய் பறிப்பதுகூட அதைக் காயப்படுத்தும் என்பது நம்பிக்கை. எனவே கேட்போர் பறித்துச் சமைத்துக் கொண்டுவர வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டோர் சாப்பிடும்போது உணவிலிருக்கும் ஒளி விடுதலையாகும் என்றார்கள். காய்கறிச் சடங்கைக் கேள்வி கேட்டுக் கிளம்பியவரின் மதத்தில், காய்கறி சாப்பிடுவதே முக்கியச் சடங்காகிவிட்டது!

இந்த மதம் வட ஆப்பிரிக்காவிலிருந்து சீனா வரை பரவியது. புனித அகஸ்டின், கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெறுவதற்கு முன் சுமார் 9 ஆண்டுகள் இதில் கேட்போராக இருந்தார். 8-ம் நூற்றாண்டில் உய்குர் பேரரசின் அரச மதமாகவும் ஆனது. பிறகு போன இடமெல்லாம் ஒடுக்கப்பட்டு, மெல்ல மறைந்தது.

நேரடியாக அறிந்தேன் என்று ஒருவர் சொன்னால், இடையில் இருக்கும் குருவுக்கும் அமைப்புக்கும் வேலை இல்லாமல் போகிறது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அது பயம். ஆனால் அந்த அனுபவம் அடுத்தவருக்குப் போய்ச் சேர, அவரும் ஓர் அமைப்பைக் கட்டத்தான் வேண்டியிருக்கிறது. மானியின் இளமைக் கதை இன்று நமக்கு விரிவாகத் தெரியக் காரணம், 1969-ல் படித்தறியப்பட்ட, தீப்பெட்டி அளவே உள்ள ஒரு கிரேக்கக் கையெழுத்துப் புத்தகம். அவர் கேட்ட காய்கறிக் கேள்வியை அதில் எழுதிக் காப்பாற்றி வைத்தது, அவர் கட்டிய அந்த அமைப்புதான்.